இருவருக்கும் ஒரு கையெழுத்து

கொக்குவில்
2.6.1996

அன்புத் தம்பி யசீகரனுக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நாங்கள் மூவரும் சுகம். வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

ஏழு மாதம். முதலில் கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ், பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் பாதி வகுப்பறையில். வந்து பார்த்தால் வீடு நிற்கிறது. ஓட்டில் இரண்டு வரிசை இல்லை. கதவுகள் இருக்கின்றன, பூட்டுகள் இல்லை. எங்கள் குசினியில் யாரோ சமைத்திருக்கிறார்கள். அடுப்புச் சாம்பல் புதிது. நிசாந்தினி ஒவ்வொரு அறையாகப் போய், "அம்மா, இது எங்கட வீடுதானோ?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏழு மாதம் நீளம்.

யாழ்ப்பாணத்தில் இப்போது புதியவர்கள். சந்திக்குச் சந்தி மண்மூட்டைக் காவல். எல்லோரும் பதிய வேண்டும். முன்னிருந்தவர்களுக்குச் சோறு கொடுத்தவர்கள், அவர்களோடு சண்டை பிடித்தவர்கள், அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம். எங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புதியவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

அத்தான் வேலைக்குப் போகிறார். காணிப் பதிவகத்தில் அதே எழுதுவினைஞர் வேலை. மேசைதான் வேறு. சுகமாக இருக்கிறார். தொலைபேசி இன்னும் இல்லை. கடிதம் எழுது.

அன்பு அக்கா,
சரோஜாதேவி

*

பாபகூரா
14.7.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூவரின் சுகமும் கிடைத்தது. உறையின் ஓரத்தை வெட்டி மறுபடி ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் அதை வாசித்தவருக்கும் சுகம் உண்டாகட்டும்.

இங்கே நியூசிலாந்தில் குளிர்காலம். காலை ரயிலுக்கு நிற்கும்போது பாபகூரா என்று ஓர் ஊர் இருப்பதில்லை. பனிமூட்டம் மட்டும். அதற்குள் யாரோ இருமுவது கேட்கும். ரயில் வந்தால் வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பிறகு, கடைசியாக ரயில்.

கிழமையில் நாலு நாள் விரி என்ற ஊரில் பண்டகசாலை வேலை. மற்ற இரண்டு நாள் பல்கலைக்கழகத்தில். ஒரு பேராசிரியைக்காகப் பழைய தாள்களை வாசித்துப் பட்டியல் போடுகிறேன். ஓர் இராணுவ அதிகாரியின் நாட்குறிப்புகள். 1914இல் நியூசிலாந்துப் படை சமோவாத் தீவுகளை ஜெர்மன்காரரிடமிருந்து பிடித்தது. ஒரு வெடி வைக்கவில்லை. கொடி இறங்கியது, கொடி ஏறியது. ஆனால் ஜெர்மன் குடியேறிகள் அங்கேயே இருந்தார்கள். தோட்டம், கொப்பரை, கடை, நிலவரைபடம் எல்லாம் அவர்கள் கையில். எதிரியின் ஆட்களைத் துரத்தினால் தீவு ஓடாது. வைத்திருந்தால் நித்திரை வராது. அதிகாரி எழுதுகிறார்: "நான் ஒரு வீட்டை வென்றிருக்கிறேன். எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று சொல்ல, தோற்றவனைத் தினமும் தேநீருக்கு அழைக்கிறேன்."

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு ஜெர்மன்காரனும் வாக்குக் கொடுத்து வாரம் ஒருமுறை ஒப்பமிட வேண்டும். வெளியே போவதென்றால் இன்னொருவன் பிணை நிற்க வேண்டும். பிராண்ட் என்பவன் பல் பிடுங்க இரண்டு வாரம் பக்கத்துத் தீவுக்குப் போகிறான். பிணை, லிண்ட்னர் என்ற தோட்டக்காரன். பிராண்ட் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் லிண்ட்னர் வந்து இருவருக்கும் ஒப்பமிடுகிறான்.

எனக்கு அத்தானின் நினைவு வந்தது. வேலை செய்யும் இடத்தில் வீரையாவிடம் சொன்னேன். (மலேசியாவில் ஈப்போக்காரர், ஐம்பது வயது, எனக்குப் பாரந்தூக்கி ஓட்டப் பழக்கியவர்.) எங்கள் ஊரை விட்டு வெளியே போக அப்போதிருந்தவர்களின் பாஸ் வேண்டும், பாஸுக்கு ஊரில் நிற்கும் ஒருவர் பிணை, எனக்கு அத்தான் நின்றார், மூன்று மாதத்துக்கு என்று போட்டு வந்தேன் என்று.

"மூணு மாசம் எப்போ முடிஞ்சிச்சு?"

"மூன்று வருடம் ஆகிறது."

"அப்போ அந்த அத்தானைப் புடிச்சிருப்பானுங்களே?"

"ஒன்றும் கரைச்சல் இல்லை என்று அக்கா எழுதியிருக்கிறார்."

"அக்கா எழுதுனாங்களா? சரிதான் லா" என்றார். அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தானுக்கு இந்த லிண்ட்னர் கதையைச் சொல்லுங்கள். சிரிப்பார். வருகிற வருடம் கட்டாயம் வருவேன்.

அன்புத் தம்பி,
யசீகரன்

*

கொக்குவில்
1.9.1996

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுகிறாயா? உனக்குச் சின்ன வயதிலேயே நெஞ்சுச் சளி.

நல்லூர்த் திருவிழா நடக்கிறது. சனம் குறைவு. நிசாந்தினிக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. ஓட்டுக்குப் பதிலாகக் கிடுகு போட்டிருக்கிறோம். கிடுகின் கீழே மழை வேறு மாதிரிக் கேட்கும். யாரோ தூரத்தில் கதைப்பது போல.

அத்தான் சுகம். உன் கடிதத்தை வாசித்தார். நான் அவருக்குக் கொடுக்கும் முன் சமோவாப் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டேன். வேலைக் களைப்பில் இருக்கிறவருக்கு ஏன் அந்தக் கதை?

அந்த லிண்ட்னருக்கு மனைவி இருந்தாளா? இருந்தால் அவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?

அன்பு அக்கா

*

பாபகூரா
13.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சளி இல்லை. கம்பளிச் சட்டை மூன்று இருக்கிறது.

லிண்ட்னரின் மனைவி ஒரே ஓர் இடத்தில் வருகிறாள். அதிகாரிக்கு எலுமிச்சம்பழம் ஒரு கூடை அனுப்பியிருக்கிறாள். "லிண்ட்னரின் மனைவி எலுமிச்சம்பழம் அனுப்பினாள். ஏன் என்று எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பினேன். மனம் சரியில்லை." அவ்வளவுதான். பெயர்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவருக்கு இடமாற்றம். புதிய அதிகாரியின் கையெழுத்து நிமிர்ந்தது, சின்னது. முதல் வாரமே ஒப்பப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். இரண்டு பெயர், ஓர் ஆள். பிராண்ட் எங்கே என்று கேட்டார். லிண்ட்னர் சொல்லவில்லை, அல்லது தெரியாது. பிராண்டுக்குப் பதிலாக லிண்ட்னரைக் கப்பலில் ஏற்றி ஆக்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே மொட்டுயீ என்ற சின்னத் தீவில் கைதிகளை வைத்திருந்தார்கள்.

போன ஞாயிறு படகில் அங்கே போனேன். முக்கால் மணி நேரம். முகாமின் ஒரு சுவரும் இல்லை. புல். புல்லில் படுத்தேன். நகரம் தண்ணீருக்கு அப்பால், யாரோ நினைத்து மறந்த ஊர் மாதிரி. கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன். பக்கத்தில் ஒருவர் நின்று, தன் சட்டைப் பையில் பேனை தேடுவது போல இருந்தது. முகம் பார்க்கவில்லை. விழித்தபோது கடைசிப் படகுக்கு மணி அடித்தார்கள்.

லிண்ட்னர் திரும்பிப் போனானா என்று தாள்களில் இல்லை. பெட்டி அதோடு முடிகிறது.

நல்ல கதை, இல்லையா? அத்தானுக்குச் சுகம் சொல்லுங்கள். முன்பெல்லாம் உங்கள் கடிதத்தின் கீழே அவர் இரண்டு வரி எழுதுவார். வருகிற வருடம் கட்டாயம் வருவேன்.

யசீகரன்

*

பாபகூரா
15.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? பதில் இல்லை. யாழ்ப்பாணத்துக்குத் தபால் கப்பல் ஓடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். பிறகு ஓடுகிறது என்றார்கள்.

வேலையில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேனாம். வீரையா சொல்கிறார்: "என்னா தம்பி, லவ்வு லெட்டரா வரல? அக்கா லெட்டர்தானே? கப்பல்ல வர்ற லெட்டருக்குக் கால் இல்ல லா. வரும்."

இங்கே கோடை. மாலை ஒன்பது மணிக்கும் வெளிச்சம். மானுக்காவ் கரையில் கடல் வெளியே போய்விட்டால் சேறு மட்டும் கிடக்கும், ஆகாயத்தை வைத்துக்கொண்டு. அதற்குள் இறங்கி நடந்தால் எங்கள் ஊருக்கே போய்விடலாம் போலிருக்கும்.

என் முந்திய கடிதத்தில் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனா?

வருகிற வருடம் வருவேன்.

யசீகரன்

*

கொக்குவில்
26.1.1997

அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. நாங்கள் சுகம். நீ சுகமாக இரு.

மாரிக்குப் பிறகு கிணறு நிறைந்து நிற்கிறது. வாளிக்குக் கயிறே தேவையில்லை. வேறு புதினம் இல்லை. தாமதத்துக்குக் காரணமும் இல்லை. வேலை அதிகம்.

மிச்ச இடத்தில் நிசாந்தினி எழுதப் போகிறாளாம். எழுதட்டும். தபாலுக்கு நேரமாகிறது, முடிக்கிறேன்.

அக்கா

அன்புள்ள மாமா நான் சுகம். நான் இப்ப ஐந்தாம் வகுப்பு. எங்கட பூனை மூன்று குட்டி போட்டது. உங்கட ஊரில் பூனை இருக்கா. அப்பா திங்கக்கிழமை திங்கக்கிழமை காம்பில போய் உங்கட பேர் எழுதிறவர். நானும் ஒருக்கா கூடப் போனனான். ஆமிக்காரர் பிஸ்கட் தந்தவை. அம்மா ஏசினவா. அன்புடன் நிசாந்தினி.

*

பாபகூரா
9.3.1997

அக்கா,

பிள்ளை எழுதியதை நீங்கள் வாசிக்காமல் உறையை ஒட்டியிருக்கிறீர்கள்.

சுகம் கேட்டு எழுத வரவில்லை. எனக்குச் சொல்லுங்கள்.

யசீகரன்

*

கொக்குவில்
13.4.1997

அன்புத் தம்பிக்கு,

நாளை வருடப் பிறப்பு. தலையில் வைத்துக் குளிக்க மருத்துநீர் வாங்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கே எழுதி முடித்துவிட நினைக்கிறேன்.

நீ போய் மூன்று மாதம் முடிந்த மறுநாள் முன்னிருந்தவர்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பத்தொரு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை என்றார். நான் நம்பினேன். விடும்போது சொன்னது, ஆள் திரும்பி வரும்வரை ஒவ்வொரு திங்களும் வந்து உன் பெயருக்கும் தன் பெயருக்கும் ஒப்பமிட வேண்டும் என்று.

தம்பி, நீ கடிதத்துக்குக் கடிதம் "வருகிற வருடம் வருவேன்" என்று எழுதுவாய். அதை அவர் கொண்டுபோய்க் காட்டுவார். "பாருங்கோ, வாறன் எண்டு எழுதியிருக்கிறான்." அவர்கள் தவணை நீட்டுவார்கள். உன் கடிதத்தால் அவர் வெளியே இருந்தார். உன் கடிதத்தாலேயே பிணை முடியவில்லை. "வரமாட்டேன்" என்று நீ ஒருமுறை எழுதியிருந்தால் அபராதமோ கொஞ்ச நாள் மறியலோ, அதோடு போயிருக்கும். இதை உனக்கு எழுத என் கை வரவில்லை. நீ வருவாய் என்று நானும் நம்பினேன்.

இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்தபோதும் அவர்களுடைய ஆளைத் தேடிப் பிடித்து, சைக்கிள் கரியரில் கொப்பியை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதனே சலித்துப்போய், "அண்ணை, உங்களுக்கு வேறை வேலையில்லையே?" என்றானாம்.

திரும்பி வந்த முதல் திங்கள், குளித்துச் சட்டை போட்டார்.

"எங்கை போறியள்?"

"கையெழுத்துப் போட."

"அவையள் இப்ப இல்லையப்பா! அந்த வீட்டிலை ஆமி இருக்கு!"

"பிணை அவைக்கோ நிண்டனான்? தம்பிக்கெல்லோ நிண்டது. டச்சுக்காரன்ரை காணித் தோம்பை வெள்ளைக்காரன் வந்து கிழிச்சவனோ? ஆக்கள் மாறுவினம். பதிவு பதிவுதான்."

"உங்களுக்கு விசரே?"

"ஓம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

வாசலில் காவல் நின்ற ஆமிப் பெடியன் அரைகுறைத் தமிழில் "ஐயா, என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறான். "கையெழுத்து" என்றாராம். வந்து போகிறவர்களுக்கு ஒரு கொப்பி இருந்தது, நீட்டினான். இரண்டு பெயரும் எழுதினார். அன்றிலிருந்து ஒரு திங்களும் தவறவில்லை. அவர்களும் பழகிவிட்டார்கள். திங்கள் ஐயா என்பார்களாம்.

உன் லிண்ட்னர் கதையின் முடிவை வாசித்து நான் இரண்டு மாதம் பேனையைத் தொடவில்லை. இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன என்று எழுதியது பொய். ஏனென்று இப்போது உனக்கு விளங்கும்.

இனி உண்மையான கரைச்சலைச் சொல்கிறேன். பங்குனியில் அங்கே புதிய அதிகாரி. கொப்பியை முதல் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். "யசீகரன் யார்? ஒவ்வொரு கிழமையும் பேர் இருக்கு. ஆள் இல்லை. எங்கே ஒளிச்சு வைச்சிருக்கிறாய்? காட்டிலயா?" நீ வெளிநாட்டில் என்று சொன்னார். "தாள் இருக்கா?" என்றார். இருப்பதெல்லாம் உன் கடிதங்கள். அவற்றில் வருவேன் வருவேன் என்றுதான் இருக்கிறது. எங்கிருந்து வருவாய் என்று கேட்கிறார். ஆடி முடியும்வரை தவணை. அதற்குள் ஆளைக் கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் இவரை உள்ளே எடுப்பார்கள்.

வா என்று எழுதவில்லை. வராதே என்றும் எழுத முடியவில்லை.

அக்கா

*

பாபகூரா
25.5.1997

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்களுக்கு நேரே எழுதும் முதல் கடிதம். சுகமாக இருக்க வேண்டும்.

அக்காவின் கடிதத்தை ரயிலில் வாசித்தேன். விரியில் இறங்கவில்லை. நகரம் வரை போய், அதே ரயிலில் திரும்பி, மறுபடியும் போனேன். மத்தியானத்துக்கு மேல்தான் வேலைக்கு வந்தேன். வீரையாவிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும். விரல் வைத்து முழுதும் வாசித்தார்.

"போறியா?"

"போனால் இரண்டு பேரையும் பிடிப்பார்கள்."

"அப்போ எழுது. நீ எழுதவே எழுதாததை எழுது. சும்மா எழுதுனா பத்தாது, சீல் வேணும்."

எழுதுகிறேன், அத்தான்.

எனக்கு நிரந்தர வதிவிடம் 1995 கார்த்திகையில் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் வீட்டை விட்டு நடந்த அதே மாதம். அந்தச் சமயத்தில் இதை எப்படி எழுதுவது என்று விட்டேன். பிறகு விட்டதை எழுதுவது கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் "வருவேன்" என்று எழுதும்போது அது பொய் என்று தோன்றியதில்லை. சுகமறிய ஆவல் என்பது போல, கை தானாக எழுதும் ஒன்று. அந்தச் சொல்லை நீங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காவலைத் தாண்டி நடப்பீர்கள் என்று தெரியாது.

தெரிந்துகொள்ளாமல் இருந்தேன் என்பதுதான் சரி.

பாபகூரா நூலகத்தில் சனிக்கிழமைகளில் ஒரு சமாதான நீதவான் இருப்பார். கிழவி. கடவுச்சீட்டில் வதிவிட முத்திரை உள்ள பக்கம், வேலைத்தலக் கடிதம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். உண்மைப் பிரதி என்று ஒவ்வொன்றிலும் முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தார். சத்தியக் கடதாசி ஒன்றும் எழுதினேன். இன்னார் இன்ன திகதியிலிருந்து இந்நாட்டில் குடியிருக்கிறேன், வேறெங்கும் இல்லை என்று. "திரும்பிப் போகும் எண்ணம் உண்டா என்றும் போடவா?" என்று கேட்டார். இல்லை என்று போடுங்கள் என்றேன்.

நான் வரமாட்டேன், அத்தான்.

இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் பிணையை முடியுங்கள்.

யசீகரன்

*

கொக்குவில்
3.8.1997

அன்பின் யசீகரனுக்கு,

நலம். நலமே விளைக.

உன் பதிவுத் தபால் 22.7.97இல் கிடைத்தது. இணைப்புகள் நான்கும் சரி. 28.7.97 திங்கட்கிழமை அதிகாரியிடம் சமர்ப்பித்தேன். உன் அக்கா என்னோடு வந்து, வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், வாசலில் நின்றா.

அதிகாரி நாலு தாளையும் இரண்டு தரம் வாசித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவர் அங்கே என்ன?" என்று கேட்டார். "குடியேறிட்டார்" என்றேன். "திரும்ப வராதா?" என்றார். "இல்லை." அவருக்கு என் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தார். தானும் தெற்கே காலி நகரில் வீட்டைவிட்டு வந்து ஐந்து வருடம் என்றார்.

பிறகு கொப்பியை எடுத்து உன் பெயரை வெட்டப் போனார். கறுத்த மையால் பெட்டி அடிக்கிற மாதிரிக் கையை வைத்தார். நான் தடுத்து, பேனையை இங்கே தாருங்கள் என்றேன். பதிவேட்டில் வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறேன். அடிமட்டம் கேட்டேன், கொண்டு வந்து தந்தார்கள். பெயரின் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் திகதியும் சிறு ஒப்பமும். கோட்டுக்குக் கீழே பெயர் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

வாசிக்கலாம்.

இப்படிக்கு,
சு. தியாகலிங்கம்